மணல் கட்டிய கால்

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு விடாமல் அடித்ததில் பாகூர் ஏரி நிரம்பி வழிந்து, மேற்கே போகிற வரப்பெல்லாம் சேறாகிக் கிடந்தது. புதுக்குப்பத்து மீன்காரி சிந்தாமணி அந்த வரப்பில்தான் விழுந்தாள். தலையில் கூடை நிறையக் காரப்பொடி மீன். வலது கால் கெண்டைச் சதை வரை சேற்றில் புதைந்து நின்றுகொண்டது. உடம்பு மட்டும் கூடையின் பாரத்தோடு இடப்பக்கம் திரும்பியது. முட்டிக்குள் பச்சை மட்டையை முறித்தது போல ஒரு சத்தம் கேட்டது.

"மீன வாரிப் போடுங்கம்மா, மீன வாரிப் போடுங்க!" என்றுதான் அவள் முதலில் கத்தினாள். களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து அவளைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அப்போதுதான் முட்டி இளநீர்க்காய் போல வீங்கிக்கொண்டு வருவதைப் பார்த்தாள். வயல் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக மீன் மிதந்தது. மழை அதன் மேலும் பெய்தது.

அவள் புருஷன் கலியபெருமாள் கட்டுமரத்தில் போகிறவன். கடல் கொந்தளித்து, மரமெல்லாம் கரையேறிக் கிடந்த நேரம். மாட்டுவண்டி பிடித்து அவளை எலும்பு கட்டுகிறவரிடம் கூட்டிப்போனான். அவர் தடவிப் பார்த்து எலும்பு விலகியிருக்கிறது என்றார். முட்டை வெள்ளையும் உளுத்தமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை இறுக்கிக் கட்டிவிட்டார். அசைக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

சிந்தாமணி அசைக்கவில்லை. கார்த்திகை முழுக்க வீட்டு மூலையில் பாயில் கிடந்தாள். கட்டைப் பிரித்தபோது வீக்கம் வடிந்திருந்தது. கூடவே தொடையும் வடிந்திருந்தது. கூடை சுமந்து சுமந்து உருண்டு திரண்டிருந்த தொடை, துணி சுற்றிய கழி மாதிரி ஆகியிருந்தது. சுவரைப் பிடித்து எழுந்தாள். வாசல்படி தாண்டுவதற்குள் முட்டி தன் இஷ்டத்துக்கு ஒருபக்கம் நழுவி, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கால் என்னுது இல்லாத மாரி இருக்குதுக்கா" என்றாள், பக்கத்து வீட்டில் இருந்த ஓரகத்தி குப்புவிடம்.

"எலும்பும் இல்ல ஒண்ணும் இல்ல. உள்ள இன்னாவோ அறுந்துபூட்டுது. பேசாம பெரியாஸ்பத்திரிக்குப் போடி" என்றாள் குப்பு. அவளும் மீன்காரிதான். கிருமாம்பாக்கம் பக்கம் அவள் வாடிக்கை.

குப்பத்தில் ஒவ்வொருத்திக்கும் ஒரு வழி உண்டு. சிந்தாமணியின் வழி பாகூர் கடைத்தெரு, பிறகு ஏரிக்கரை, கரைக்கு மேற்கே இரண்டு ஊர். அவள் மாமியார் நடந்த வழி அது. ஒரு பருவம் போகாமல் இருந்தால் வேறொருத்தி நடக்க ஆரம்பித்துவிடுவாள். பிறகு கேட்க முடியாது. தை பிறந்தால் அறுப்பு. அறுப்புக் காலத்தில் மீனுக்கு நெல்லாகவே அளந்து கொடுப்பார்கள். வருஷத்துச் சோற்றில் பாதி அந்த நெல்தான். அதனால் கூடை அவள் மகள் கஸ்தூரியின் தலைக்கு ஏறியது. ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த பெண். பள்ளிக்கூடத்துத் தாவணியிலேயே மீன் விற்கப் போனாள்.

"ஒரு மாசம்தாம்மா. எனக்குக் கால் ஆனதும் நீ பள்ளிக்கொடம் போயிடு" என்றாள் சிந்தாமணி.

"சரிம்மா" என்றாள் கஸ்தூரி.

மார்கழியில் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினார்கள். டாக்டர் சிந்தாமணியைப் படுக்கவைத்து, காலை மடக்கி, கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் இழுத்தார். மேசை இழுப்பறையை இழுத்தது போல எலும்பு முன்னால் வந்தது. கலியபெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உள்ள ஜவ்வு அறுந்திருக்குது. வேற எடத்துலேருந்து எடுத்து வெச்சித் தைக்கலாம். ஆனா இப்பப் பண்ண மாட்டேன்" என்றார் டாக்டர்.

"ஏன் சார்? வந்ததே அதுக்குத்தானே?" என்றான் கலியபெருமாள்.

"கால் நேரா நீள மாட்டேங்குது, முழுசா மடங்க மாட்டேங்குது. தொடையில சதையே இல்ல. இந்தக் கால்ல கத்தி வெச்சா தையல் நிக்கும், கால் நிக்காது. எக்சசைஸ் ரூமுக்குப் போங்க. கால் தேறட்டும், அப்புறம் தேதி குடுக்கறேன்."

எக்சசைஸ் ரூமில் ரோசி இருந்தாள். வில்லியனூர்ப் பக்கத்து மாதா கோயில் ஊர்க்காரி, கழுத்தில் சின்னச் சிலுவை. சிந்தாமணியைவிட வயதில் இளையவள். கட்டிலில் காலை நீட்டச் சொல்லி, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்தாள்.

"துண்ட அமுக்குங்கக்கா. முட்டியால அமுக்கணும்."

சிந்தாமணி பல்லைக் கடித்து அமுக்கினாள். தொடை அசையவே இல்லை. இடது கால்தான் எழும்பியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கால் வலின்னு வந்தா காலையே வேலை செய்யச் சொல்றியேம்மா. ஆப்ரேசன் முடிச்சப்புறம் செஞ்சா ஆவாதா?"

"அப்புறமும் செய்யணும்க்கா. ஆனா முன்னாடியே செஞ்சாதான் அப்புறம் செய்ய முடியும். ஆபரேஷன் முடிஞ்சா மாவுக்கட்டு போட்டுடுவாங்க. கட்டுக்குள்ள தொடை கரையும். இருந்தாத்தான கரையும்? நீங்க ஒண்ணும் இல்லாம உள்ள போனா, வெளிய வரும்போது எலும்புதான் மிச்சம். இப்பச் சேத்து வெச்சிக்கினு போனா, கரைஞ்சது போக நடக்கறதுக்குக் கொஞ்சம் இருக்கும்."

"மழைக்கு முந்தி கருவாடு போட்டு வெக்கற மாரி" என்றாள் சிந்தாமணி.

ரோசி சிரித்தாள். "அதேதான்க்கா."

கிளம்பும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். "தேறிடுச்சின்னு நெனைச்சிக்கினு பாரம் தூக்கிடாதீங்க. நேரா நடக்கறப்போ தொடை தாங்கிக்கும். சட்டுனு திரும்பறப்போ ஜவ்வுதான் பிடிக்கணும். அது இல்ல உங்களுக்கு. திரும்பறப்போதான் கால் விடும்."

வீட்டில் துண்டுக்குப் பதிலாகப் பழைய வலையைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். சோறு வடித்துவிட்டு ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை, இடையில் நினைத்தபோதெல்லாம் அமுக்கினாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் முட்டிக்கு மேலே சதை எறும்பு ஊர்ந்தது போலத் துடித்தது. அன்றைக்கு அவள் குப்புவைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு காலை நீட்டியபடியே தூக்கினாள். அதுவும் பழகியதும், கிழிந்த ரவிக்கையின் கையைத் தைத்துப் பையாக்கி, கடற்கரை மணலை நிரப்பிக் கணுக்காலில் கட்டிக்கொண்டு தூக்கினாள். வாடைக் காற்றில் விறைத்துப்போன முட்டியை வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, குதிகாலைத் தரையோடு இழுத்து இழுத்து மடக்கினாள். வலியில் உதட்டைக் கடித்து உதடு புண்ணாகிக் கிடந்தது.

கலியபெருமாளுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "கடக்கரை மணல வூட்டுக்குக் கொண்டாந்து கால்ல கட்டி ஆட்டுறா பாரு" என்று வலை சிக்கெடுக்க வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தான். "கெடக்கற வேலையெல்லாம் கெடக்குது, படுத்துக்கினு காலத் தூக்கறதுக்கு ஒரு ஆஸ்பத்திரி."

"நீ சிரிச்சிக்கய்யா. நாளைக்கி நான் குந்தி எழுந்திருக்கணும். மீன்காரி குந்தாம எப்டி விக்கறது?" என்றாள் சிந்தாமணி.

தை போயிற்று. மாசி மகத்துக்குச் சாமிகள் கடலாட வந்த அன்றைக்கு அவள் கம்பு இல்லாமல் கரைக்குப் போய்வந்தாள். தொடையில் சதை பிடித்திருந்தது. முட்டி நேராக நீண்டது. குதிகால் கிட்டத்தட்டப் பின்புறத்தைத் தொட்டது. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரோசி தொடையை அழுத்திப் பார்த்து, டாக்டரைக் கையோடு கூட்டிவந்து காட்டினாள். பங்குனியில் ஆபரேஷன் என்று தேதி கொடுத்தார்கள்.

"நல்லாத்தான நடக்கற? இன்னாத்துக்குக் கத்தி?" என்று கேட்டான் கலியபெருமாள்.

"நேராத்தான்யா நடக்கறன். திரும்பினா விட்டுடுமாம்."

"திரும்பாம நடக்க வேண்டியதுதான!" என்று சொல்லிவிட்டு அவன் துடுப்பை எடுத்துக்கொண்டு போனான். கேலியாகச் சொன்னானே தவிர, தேதியை மறந்துவிடக் கூடாதென்று நாட்காட்டியில் கரிக்கட்டையால் கோடு போட்டு வைத்தவனும் அவன்தான்.

கஸ்தூரி மேற்கே போய்வந்த கூடையில் மீன் மிஞ்ச ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். அறுப்புக் களத்தில் ஆட்கள் கையேந்தி வாங்குகிற பருவம். சிந்தாமணிக்குப் புரியவில்லை. சாயங்காலம் மிஞ்சிய மீனை உப்புப் போட உட்கார்ந்தவள் கேட்டாள்.

"ஏண்டி, ஏரிக்கு மேலண்டை ஊருக்குப் போகலியா நீ?"

"போனன்."

"போனா நெல்லு எங்க? பெரிய வூட்ல அரை மரக்கா நெல்லாவது போடுவாங்களே?"

கஸ்தூரி மீனைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவின மீனையே மறுபடி கழுவினாள்.

"இன்னாடி, கேக்கறன் இல்ல?"

"அங்க நான் போகலம்மா. இனிமே போகச் சொல்லாத."

சிந்தாமணி கையிலிருந்த உப்பைக் கீழே போட்டாள். "இன்னா நடந்துச்சு?"

அழாமல் சொல்லத்தான் பெண் பார்த்தாள். முடியவில்லை. பெரிய வீட்டு உலகநாதன், நெல்லைப் பின்கட்டில் அளந்து போடுகிறேன் வா என்று கூப்பிட்டிருக்கிறான். வீட்டில் பெண்கள் யாரும் இல்லை. கையைப் பிடித்திருக்கிறான். பிறகு தாவணியை.

"கூடைய அவன் மேலயே போட்டுட்டு ஓடியாந்துட்டம்மா. பின்னாடியே வந்தான். 'நாளைக்கும் இந்த வழியாத்தான வருவ'ன்னு சொன்னான். மறுநாள் வரப்புல நின்னுக்கினு இருந்தான். நான் அப்டியே திரும்பி வந்துட்டன்."

சிந்தாமணி மகளின் தலையைத் தன் மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள். மீன் வாடையடித்த கையால் அவள் முதுகைத் தடவினாள்.

"ஒங்கப்பன்கிட்ட சொன்னியா?"

"இல்லம்மா."

"சொல்லாத."

கலியபெருமாளின் கோபம் அவளுக்குத் தெரியும். அவன் காதுக்குப் போனால் ரெண்டில் ஒன்று நடக்கும். உலகநாதனை வெட்டிப்போட்டு ஜெயிலுக்குப் போவான். இல்லாவிட்டால் பேர் கெட்டுவிடும் என்று பயந்து, அந்த மாதமே தன் தங்கை மகன் குடிகாரனுக்கு இவளைக் கட்டிவைப்பான். பெண்ணை வீட்டில் நிறுத்தினால் ஏன் என்று கேட்பான். அவள் போகாவிட்டால் வழி கைவிட்டுப் போகும், நெல் போகும். அறுப்பு முடியும் வரைக்கும் தானே போய்வந்தால் போதும் என்று நினைத்தாள்.

மறுநாள் விடிந்து மரமெல்லாம் கடலில் இறங்கிய பிறகு, சிந்தாமணி முட்டியைச் சுற்றி ஈரத்துணியை இறுக்கிக் கட்டினாள். சும்மாடு கூட்டித் தலையில் வைத்தாள்.

"யம்மா, வேணாம்மா. ஆப்ரேசனுக்கு நாள் கிட்ட வந்துடுச்சி. அந்த ரோசியக்கா இன்னா சொல்லுச்சி?" என்று கஸ்தூரி கூடையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேரா போறன், நேரா வரன். நீ வயித்துவலின்னு படுத்துக்க. கூடைய ஏத்து."

"நான் குப்பு பெரிம்மாகூடக் கிருமாம்பாக்கம் போறம்மா."

"அது அவங்க வழிடி. ஏத்துன்னு சொல்றன் இல்ல?"

கால் தாங்கியது. அதுதான் அவளை ஏமாற்றியது. பாகூர்க் கடைத்தெருவில் குந்தி விற்றாள், எழுந்தாள். ஏரிக்கரை ஏறினாள். தன் தொடை தன் கீழே இறுகி இறுகிப் பாரத்தை வாங்குவதை அவளால் உணர முடிந்தது. மூன்று மாதம் பாயில் கிடந்து சேர்த்த பலம்.

பெரிய வீட்டு வாசலில் போய்க் கூடையை இறக்கி வைத்து, "மீனூ!" என்று குரல் கொடுத்தாள். உலகநாதன் வெளியே வந்தான். அவளைப் பார்த்ததும் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"இன்னா சிந்தாமணி, கால் ஆயிடுச்சா? பொண்ணு வரலியா?"

"எம்பொண்ணு இனிமே வராது. மீன் வேணும்னா தெருவுல நின்னு வாங்கு. நெல்லத் தெருவுல கொண்டாந்து அள."

"இன்னா பேச்சு ஒரு மாரியா இருக்குது?"

"இன்னும் ஒரு மாரியாப் பேச எனக்குத் தெரியும். களத்துல ஆளுங்க இருக்காங்க. பேசட்டுமா?"

அவன் உள்ளே போய்விட்டான். நெல்லும் வரவில்லை, மீனும் வாங்கவில்லை. சிந்தாமணி கூடையைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போனாள். அங்கே விற்றுப்போயிற்று.

அதற்குப் பிறகும் சில நாட்கள் போய்வந்தாள். குப்பு திட்டினாள். கலியபெருமாள், "நடக்க முடியுதுன்னா போவட்டும், அவ கால் அவளுக்குத் தெரியாதா" என்றான். ஆபரேஷனுக்குப் பத்து நாள்கூட இல்லாத ஒரு வெயில் பொழுதில், மீன் விற்றுக் கூடை நிறைய நெல்லோடு ஏரிக்கரைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் சைக்கிள் மணி அடித்தது. வழிவிடச் சட்டென்று திரும்பினாள். உடம்பு திரும்பியது. கால் திரும்பவில்லை.

இந்தத் தடவை முட்டி மடங்கின நிலையிலேயே மாட்டிக்கொண்டது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. சைக்கிள்காரர் பச்சையப்பன் என்கிற வயசாளி. பதறிப்போய்க் கரையில் சிதறின நெல்லைத் துண்டில் வாரிக் கட்டி, அவள் மடியில் வைத்து, அவளைப் பின்னால் உட்காரவைத்துக் குப்பம் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

உள்ளே மெத்தை போல இருக்கிற சவ்வு கிழிந்து, மடிந்து, எலும்புகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது என்றார் டாக்டர். தேற்றிக்கொண்டிருக்க நேரமில்லை, கிடக்கிற நிலையிலேயே அறுக்க வேண்டும் என்றார். கட்டில் இல்லை, ரத்தம் இல்லை என்று அதுவும் தள்ளிக்கொண்டே போனது. மடங்கின காலோடு வார்டின் வராந்தாவில் கிடந்தாள். அவள் சேர்த்த சதையெல்லாம் அங்கேயே கரைய ஆரம்பித்தது.

ரோசி வந்து பார்த்தாள். தொடையைத் தொட்டவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஏன்க்கா போனீங்க? அவ்ளோ சொன்னேனே. உங்கள மாதிரி எங்க ரூம்ல யாருமே எக்சசைஸ் செஞ்சதில்ல. ஏன் போனீங்க?"

கஸ்தூரி பாயின் கால்மாட்டில் நின்றிருந்தாள். சிந்தாமணி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மீன் நெறைய வந்துச்சும்மா" என்றாள்.

ஆபரேஷன் நடந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். சித்திரை வெயிலில் கட்டுக்குள் வேர்த்து அரித்தது. வீட்டில் கிடந்தபடி, கட்டுக்குள்ளேயே தொடையை இறுக்கப் பார்த்தாள். எதுவும் இறுகவில்லை. வைகாசி கடைசியில் கட்டைப் பிரித்தபோது ரோசி சொன்னது போலவே எலும்புதான் மிச்சம் இருந்தது. முட்டி இப்போது நழுவவில்லை, நன்றாகத்தான் தைத்திருந்தார்கள். ஆனால் மடங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றது. ரோசி தன்னால் ஆனவரைக்கும் மடக்கிப் பார்த்தாள். சிந்தாமணியின் அலறல் வார்டு முழுக்கக் கேட்டது. மேற்கு வழியில் இப்போது காசம்மாள் என்கிற வேறொரு மீன்காரி நடந்துகொண்டிருந்தாள். கஸ்தூரி பெரியம்மாவோடு கிருமாம்பாக்கம் போய், அவள் மிச்சம் வைத்த தெருக்களில் விற்றுக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒருநாள் கடலில் ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய கலியபெருமாள், வாசலில் காலை நீட்டிக்கொண்டு மீன் ஆய முயன்றுகொண்டிருந்த பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினான்.

"நல்லா நீட்டிக்கினு குந்து. நடக்க முடியுதுன்னதும் ஆசை விட்டுதா? நாலு படி நெல்லுக்கு ஆசப்பட்டுக் காலத் தொலைச்சிட்டு வந்து வூட்ல கம்பு மாரி கெடக்கற. மணல் கட்டி ஆட்னதெல்லாம் இதுக்குத்தானா?"

தண்ணீர்க் குடத்தோடு வந்த கஸ்தூரி குடத்தை இறக்கி வைத்தாள்.

"நெல்லுக்குப் போகலப்பா" என்றாள்.

"கஸ்தூரி, உள்ள போ" என்றாள் சிந்தாமணி.

"போக மாட்டன். எத்தினி நாளைக்கு அம்மா பேச்சு வாங்கும்? எனக்காகத்தாம்பா போச்சு. அந்தப் பெரிய வூட்டுக்காரன் என்ன உள்ள இஸ்துக்கினு போனான். நான் அங்க போகக் கூடாதுன்னுதான் அம்மா போச்சு. ஒங்கிட்ட சொன்னா நீ வெட்டிடுவன்னு சொல்லவே இல்ல."

கலியபெருமாள் மகளைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். உள்ளே போனான். கூரையில் செருகியிருந்த கத்தியை உருவுகிற சத்தம் கேட்டது. அவன் வெளியே வந்தபோது சிந்தாமணி அந்தக் காலை வாசலுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டு கிடந்தாள்.

"போறதுன்னா இதத் தாண்டிப் போ. நீ அவன வெட்டு, ஜெயிலுக்குப் போ. ஏன் வெட்டுனன்னு கோர்ட்ல கேப்பான். இவ பேரச் சொல்லு. ஊரே கேக்கட்டும். அதுக்குத்தான் நான் ஒரு காலக் குடுத்தனா?"

அவன் நின்றான். தாண்ட எடுத்த பாதம் அந்தரத்திலேயே நின்றது. கழிபோல் மெலிந்து, தையல் தழும்பு கறுத்து ஓடிய காலைப் பார்த்துக்கொண்டே நின்றான். கத்தி கையிலிருந்து மணலில் விழுந்தது. கஸ்தூரி அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவன் அப்படியே அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"எப்டி மடக்கணும்னு சொல்லுச்சி அந்தப் பொண்ணு?"

"விடுய்யா. இனிமே அது மடங்காது. அந்தப் பொண்ணே சொல்லிடுச்சி."

"எப்டின்னு கேட்டன்."

சிந்தாமணி சொன்னாள். ஒரு கை தொடைமேல், ஒரு கை கணுக்காலில். மெதுவாக. வலி வருகிற இடத்தில் நிறுத்தி, அங்கேயே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வலை இழுத்துக் காய்த்துப்போன கைகளால் அவன் அந்தக் காலைப் பிடித்தான். மடக்கினான். அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அவன் நிறுத்தி, பிடித்துக்கொண்டு, முகத்தை அவள் பக்கம் காட்டாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாளும் மடக்கினான். அதற்கு மறுநாளும், கடலுக்குப் போகிற நாளும் போகாத நாளும். முட்டி முதல் நாள் நின்ற இடத்திலேயே நின்றது. அவன் விடவில்லை.